‘முடிவு தெரியவில்லை’ என்பதற்கு மூன்று அர்த்தம்

என் அக்கா அதை முதலில் பார்த்தது கண்ணாடியில்தான். தலைவலி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தபோது, கழுத்தின் வலது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று மேலேறி இறங்கியது. இன்னொரு மடக்குக் குடித்தாள். மறுபடியும் ஏறி இறங்கியது. வலி இல்லை, குரலிலும் மாற்றம் இல்லை. விழுங்கும்போது கூடவே நகரும் கட்டி பெரும்பாலும் தைராய்டில்தான் இருக்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. கும்பகோணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, 46 வயது. பிரசவத்துக்குப் பிறகு தனக்கென்று ஆஸ்பத்திரிப் படி ஏறாதவள்.

ரத்தப் பரிசோதனையில், தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு சரியாக இருந்தது. ஸ்கேனில் வலது மடலில் 22 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டி தெரிந்தது. அடுத்தது ஊசி டெஸ்ட், அதாவது எஃப்.என்.ஏ.சி. ஊரில் இருந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில் கட்டியை விரலால் தடவிப் பார்த்து, ஸ்கேன் துணை இல்லாமலே இரண்டு முறை குத்தி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு தாள் கைக்கு வந்தது. கடைசி வரியின் சாரம் இதுதான்: ரத்தம்தான் அதிகம் வந்திருக்கிறது, முடிவு சொல்லப் போதிய செல்கள் இல்லை.

அந்த வரியை வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். “செல்லே இல்லைன்னா புற்றுநோய் செல்லும் இல்லைன்னுதானே அர்த்தம்?” என்றார் மாமா. சித்தப்பா மகன் நேர்மாறாகச் சொன்னான்: “டாக்டருங்க நேரா சொல்ல மாட்டாங்க. மொத்தமா எடுத்துடச் சொல்லுங்க.” அக்காவுக்கு மாமாவின் கணக்குதான் பிடித்திருந்தது. தாளை நான்காக மடித்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டுப் பொதுத்தேர்வு வேலையில் இறங்கிவிட்டாள். ஐந்து மாதம் அது அங்கேயே கிடந்தது.

அந்த ஐந்து மாதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தைராய்டில் கட்டி இருப்பது அபூர்வமான விஷயமே இல்லை. வயது ஏற ஏற, பெண்களுக்குக் கூடுதலாகவே, இது வரும். அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடினால் பெரியவர்களில் பாதிப் பேருக்குக்கூடச் சின்னதாக ஏதாவது தென்படலாம். அவற்றில் பெரும்பாலானவை, 100-க்கு 90-க்கு மேல், புற்றுநோய் அல்ல. மீதியைப் பிரித்தெடுக்கத்தான் ஊசி டெஸ்ட். அதிலும் ஒரு பங்கு பேருக்கு ‘ஆம்’ என்றும் வராது, ‘இல்லை’ என்றும் வராது. இந்த நடுவில் நிற்கும் பதிலை வீட்டில் எல்லோரும் ஒரே பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்குள் மூன்று வெவ்வேறு பதில்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் அடுத்த படி வேறு.

ஒரு காலத்தில் ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்டை ஒவ்வொரு நோய்க்கூறு நிபுணரும் தமக்குத் தோன்றிய சொற்களில் எழுதினார்கள். ‘சந்தேகத்துக்கு இடமானது’ என்று ஓர் ஊரில் எழுதியதற்கும் இன்னோர் ஊரில் எழுதியதற்கும் பொருள் ஒன்றாக இருக்காது. இதைச் சீராக்க 2007-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டா நகரில் ஒரு மாநாடு கூட்டியது. அங்கே உருவான முறைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 2010-ல் கையேடாக வந்தது, 2023-ல் அதன் மூன்றாம் பதிப்பு. நம் ஊர் ரிப்போர்ட்டுகளிலும் இன்று ‘பெதஸ்டா’ என்று போட்டு ரோமன் எண்ணில் ஒன்று முதல் ஆறு வரை ஏதாவது ஒன்று இருக்கும். பிரிட்டனில் இருக்கும் உறவினர்களின் ரிப்போர்ட்டில் ‘தை’ என்று தொடங்கி ஓர் எண் வரும், அது அவர்கள் முறை. எது எப்படியானாலும் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இரண்டு என்றால் சாதாரணக் கட்டி. ஆறு என்றால் புற்றுநோய். ஐந்து என்றால் பலத்த சந்தேகம், கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோயாகவே இருக்கும். இவை மூன்றிலும் வழி ஓரளவு தெளிவு. குழப்பமெல்லாம் ஒன்று, மூன்று, நான்கில்தான்.

அக்காவின் முதல் ரிப்போர்ட் ஒன்றாம் வகை. மாமா சொன்னது போல ‘ஒன்றும் இல்லை’ என்று அதற்குப் பொருள் கிடையாது. தேர்வுத்தாள் திருத்தவே வரவில்லை என்பதற்கு ஒப்பானது அது. தாள் வராத பிள்ளை பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. ஸ்லைடில் குறைந்தது ஆறு கொத்து தைராய்டு செல்கள், கொத்துக்குப் பத்து செல்லாவது இருந்தால்தான் பொதுவாக மாதிரி போதுமானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஊசியில் ரத்தம் அதிகம் ஏறிவிட்டாலோ, கட்டிக்குள் நீர் நிறைந்திருந்தாலோ, உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தாலோ, ஊசி கட்டியின் திடமான பகுதியைத் தொடாமல் பக்கத்தில் இறங்கிவிட்டாலோ அந்த அளவு கிடைக்காது. அறுவைச் சிகிச்சை வரை போனவர்களில் ஒன்றாம் வகைக்காரர்களுக்குச் சராசரியாக 100-க்கு 13 பேருக்குப் புற்றுநோய் இருந்திருக்கிறது என்கிறது 2023 கையேடு. பீரோவில் மடித்து வைக்கும் எண் அல்ல அது.

ஒன்றாம் வகைக்கு அடுத்த படி மறுபடி ஊசி டெஸ்ட்தான், ஆனால் இந்த முறை அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி. அப்படிச் செய்தால் 60 முதல் 80 சதவீதம் பேருக்குத் தெளிவான பதில் கிடைத்துவிடும். ஊசி குத்தியதால் செல்களில் ஏற்படும் மாற்றம் மறுபரிசோதனையைக் குழப்பும் என்பதால் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வது பழைய வழக்கம். அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று இப்போது பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். அது மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

தேர்வு முடிந்து, கோடை விடுமுறையில் தஞ்சாவூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அக்காவை அழைத்துப் போனேன். இந்த முறை நடந்தது வேறு மாதிரி. தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். “எச்சில் முழுங்காதீங்கம்மா, பேசாதீங்க, கொஞ்ச நேரந்தான்” என்றார் ரேடியாலஜி மருத்துவர். திரையில் கட்டி கறுப்பு முட்டை போலத் தெரிந்தது. ஊசி ஒரு வெள்ளைக் கோடாக உள்ளே நுழைந்து, அந்தக் கறுப்புக்குள் முன்னும் பின்னும் அசைந்தது. மேசையோரம் நின்ற இளம் நோய்க்கூறு மருத்துவர் ஊசியில் வந்ததை ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு, இன்னொரு ஸ்லைடால் இழுத்துப் பரப்பினார். ஒன்றை ஆல்கஹாலில் போட்டார். இன்னொன்றைக் காற்றில் காயவிட்டு, சாயம் தோய்த்து, அங்கேயே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். “ரத்தம்தான் சார், இன்னொண்ணு வேணும்.” இரண்டாவது முறை. “இன்னும் ஒண்ணு.” மூன்றாவது முறை எடுத்ததும் தலையை நிமிர்த்தி, “போதும் சார்” என்றார்.

அந்த ‘போதும்’ முதல் முறையே கிடைத்திருந்தால் ஐந்து மாதம் வீணாகியிருக்காது. ஊசி டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தால், ‘ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுப்பீர்களா, எடுத்த இடத்திலேயே செல் போதுமா என்று பார்ப்பீர்களா’ என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். எல்லா ஊரிலும் இரண்டாவது வசதி இருக்காது, முதலாவதைப் பெரும்பாலான ஊர்களில் கேட்டுப் பெறலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தவும் கூடாது.

இரண்டாம் ரிப்போர்ட் வந்த அன்று அக்கா பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதில் பெதஸ்டா மூன்று என்று இருந்தது.

“ஒண்ணா இருந்தது மூணாயிடுச்சேடி. அஞ்சு மாசம் சும்மா இருந்துட்டேனே.”

அவள் அதைப் புற்றுநோயின் கட்டம் என்று நினைத்துவிட்டாள். முதல் நிலை, மூன்றாம் நிலை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித்தான் தோன்றும். கணக்குப் பாடம் எடுப்பவளுக்கே தோன்றியது என்றால் மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம். பெதஸ்டா எண் நோயின் கட்டம் அல்ல. கட்டி ஒன்றிலிருந்து மூன்றுக்கு வளரவும் இல்லை. முதல் முறை பார்ப்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை, இரண்டாம் முறை கிடைத்தது, கிடைத்ததில் சில செல்கள் வழக்கமான தோற்றத்தில் இல்லை. நடந்தது அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொள்வதானால் அது ‘பெதஸ்டா எண் நோயின் கட்டம் அல்ல’ என்பதாக இருக்கட்டும்.

மூன்றாம் வகை என்றால், செல்கள் கிடைத்துவிட்டன, சில வித்தியாசமாக இருக்கின்றன, ஆனால் சாதாரணம் என்றோ புற்றுநோய் என்றோ சொல்லும் அளவுக்கு இல்லை. 2023 கையேட்டின்படி இதில் சராசரி அபாயம் 22 சதவீதம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தச் சதவீதங்கள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் கட்டிகளை வெட்டிப் பார்த்துக் கணக்கிட்டவை. சந்தேகம் கூடுதலாக இருந்தவர்களே அறுவைக்குப் போயிருப்பார்கள். அதனால் மூன்றாம் வகை வந்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான அபாயம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அக்காவுக்கு இதை விளக்கியபோது, கணக்கு ஆசிரியையாக அவளுக்கு அது உடனே பிடிபட்டது. அழுகை நின்றது அப்போதுதான்.

செல்கள் வித்தியாசமாகத் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ அழற்சியில் இப்படித் தெரியலாம். ஸ்லைடு சரியாகக் காயாமலோ, பரப்பும்போது நசுங்கியோ போனாலும் தெரியலாம்.

இந்த இடத்தில் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: மறுபடி ஊசி டெஸ்ட், ஸ்லைடை இன்னொரு நிபுணரிடம் காட்டுவது, மரபணுப் பரிசோதனை, அறுவை. கட்டி ஸ்கேனில் நல்லபடியாகத் தெரிந்தால் சிலருக்குச் சில மாதம் கண்காணிப்பதும் ஒரு வழி. எதை எடுப்பது என்பதை ஊசி ரிப்போர்ட் தனியாகத் தீர்மானிப்பதில்லை, ஸ்கேனும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அக்காவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டியின் நீள அகலம் மட்டும்தான் இருந்தது. தஞ்சாவூர் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னார், ‘டை-ராட்ஸ்’ மதிப்பெண் வேண்டும் என்று. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்ட முறை அது. கட்டி திடமா நீரா, திரையில் எவ்வளவு கறுப்பு, அகலத்தைவிட உயரமா, விளிம்பு ஒழுங்கா, உள்ளே புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு உண்டா என்று ஐந்து அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். அக்காவின் கட்டி திடமாக இருந்ததற்கு இரண்டு, கறுப்பாக இருந்ததற்கு இரண்டு, மொத்தம் நான்கு. உயரம், விளிம்பு, சுண்ணாம்பு எதிலும் குறை இல்லை. நான்கு மதிப்பெண் என்றால் மிதமான சந்தேகம். அந்த வகையில் 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஊசி டெஸ்ட் தேவை, அவளுடையது 22. ஆக, ஊசி டெஸ்ட்டுக்கு அனுப்பியது சரிதான். பெதஸ்டா மூன்றோடு ஸ்கேனும் மோசமாக இருந்திருந்தால் மருத்துவர் நேரே அறுவையைப் பற்றிப் பேசியிருப்பார்.

அடுத்து ஸ்லைடு. ரிப்போர்ட் வேறு, ஸ்லைடு வேறு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ரிப்போர்ட் ஒருவரின் கருத்து. ஸ்லைடு நம் உடம்பிலிருந்து எடுத்த பொருள், அதை இன்னொருவர் புதிதாகப் பார்க்க முடியும். மூன்றாம் வகையில் நிபுணருக்கு நிபுணர் கருத்து மாறுவது சகஜம், அதனால் மறுபார்வைக்கு இங்கே மதிப்பு அதிகம். பழைய பரிசோதனைக் கூடத்தில் கேட்டபோது, “ஸ்லைடெல்லாம் வெளில தர்றதில்லைங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்றதும் கொடுத்தார்கள். தஞ்சாவூரில் எடுத்ததையும் சேர்த்து ஆறு கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய எண், நடுவில் ஊதா நிறத்தில் ஒரு தேய்ப்பு. ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு அக்கா சென்னைக்கு ரயிலேறினாள்.

அங்கே மறுபார்வை செய்த நிபுணரும் மூன்றாம் வகைதான் என்றார். ஆனால் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினார்: செல்லின் உட்கரு மாறவில்லை, செல்கள் அடுக்கியிருக்கும் விதத்தில்தான் மாற்றம். 2023 பதிப்பு மூன்றாம் வகையை இப்படி இரண்டாகவே பிரித்திருக்கிறது. உட்கரு மாற்றம் இருந்தால் அபாயம் கூடுதல், மற்றது குறைவு. அந்த ஒரு வாக்கியத்தால் அவசரம் பெருமளவு குறைந்தது.

மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்டோம். ஊசியில் எடுத்த செல்களின் மரபணுக்களைப் படித்து, இந்தக் கட்டி சாதாரணமாக இருக்குமா என்று கணிக்கும் பரிசோதனைகள் அமெரிக்காவில் மூன்றாம், நான்காம் வகைகளுக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. ‘அஃபிர்மா’, ‘தைரோசெக்’ என்ற இரண்டும் அதிகம் பேசப்படுபவை. புற்றுநோய் உள்ள கட்டிகளில் 100-க்கு 90-க்கு மேல் இவை பிடித்துவிடுகின்றன என்று 2018, 2019-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே ‘இல்லை’ என்று வந்தால் பெரும்பாலும் அறுவையைத் தள்ளிப்போடலாம். ‘சந்தேகம்’ என்று வந்தால் புற்றுநோய் என்றே ஆகிவிடாது, கணிசமானவர்களுக்கு அது பொய்யான எச்சரிக்கையாக முடியும். இந்தப் பரிசோதனைகள் நம் ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை, செலவும் பெரிது. பி.ராஃப் என்ற ஒரு மரபணுவை மட்டும் பார்க்கும் பரிசோதனை இங்கே செய்கிறார்கள். அதில் குறிப்பிட்ட பிறழ்வு இருந்தால் பாப்பில்லரி புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. இல்லையென்றால் எதுவும் உறுதி இல்லை, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஊசி டெஸ்ட் செய்வது என்று முடிவாயிற்று.

மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் பழக்கமானவர்தான் திண்டுக்கல் பக்கத்துப் பெண்மணி. காய்கறிக் கடை வைத்திருக்கிறார், 50-ஐத் தாண்டியவர். அவருடையது நான்காம் வகை. ஊசி டெஸ்ட்டை இன்னும் நான்கு முறை செய்தாலும் நான்காம் வகைக்கு விடை கிடைக்காது என்பதை அவர் தன் மருத்துவர் சொன்னபடியே எங்களுக்குச் சொன்னார்.

“மேசைல இருந்த சாத்துக்குடியை எடுத்துக் காட்டினாரும்மா. தோலுக்குள்ள ஊசி விட்டுச் சுளையை எடுத்துப் பார்க்கலாம், சுளை ரெண்டு பழத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கும், தோலைப் பிச்சுக்கிட்டு சுளை வெளில வந்திருக்கான்னு பார்க்கணும்னா முழுப் பழமும் கைல வேணும்னு சொன்னாரு.”

இதைவிடத் தெளிவாக ஒரு பாடப்புத்தகத்தாலும் சொல்ல முடியாது. நான்காம் வகை குறிக்கும் ஃபாலிகுலர் கட்டியில் சாதாரணக் கட்டியின் செல்லும் புற்றுநோயின் செல்லும் ஊசியில் ஒன்றுபோலவே வரும். கட்டியைச் சுற்றிய உறையையோ அருகில் உள்ள ரத்தக்குழாயையோ செல்கள் துளைத்திருக்கின்றனவா என்பதுதான் இரண்டையும் பிரிக்கும் கோடு. கட்டியை முழுதாக எடுத்து, விளிம்பெங்கும் வெட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். 2023 கையேட்டின் சராசரி 30 சதவீதம். அதாவது, பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சாதாரணக் கட்டியாகவே முடிகிறது. நான்காம் வகைக்கு மரபணுப் பரிசோதனை வசதி இல்லாத இடங்களில் வழக்கமான வழி, கட்டி இருக்கும் பக்கத்து மடலை மட்டும் எடுப்பது.

‘மட்டும்’ என்ற சொல் முக்கியம். “எப்படியும் கத்தி வைக்கிறதுன்னு ஆயிடுச்சு, மொத்தமா எடுத்துடுங்க” என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். தைராய்டு முழுதாகப் போனால் என்ன ஆகும் என்பதை 1883-லேயே எழுதியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோஹர். தான் முழுதாக எடுத்தவர்களின் முகம் ஊதி, உடலும் அறிவும் மந்தமாகியிருந்ததைக் கண்டு, முழுதாக எடுப்பதைத் தவிர்த்தார். தைராய்டு ஆய்வுக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றைக்கு தைராக்ஸின் மாத்திரை இருக்கிறது, அந்த நிலை வராது. ஆனால் ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை வேண்டும். கூடவே, தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் இறங்கி விரல்கள் மரத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அந்தக் கால்சியம் தொல்லை பெரும்பாலும் இல்லை, மாத்திரையும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் தேவைப்படுகிறது. குரல் நரம்பும் ஒரு பக்கத்தில் மட்டுமே அபாயத்துக்கு உள்ளாகிறது. எடுத்த பாதியில் புற்றுநோய் என்று வந்தாலும், அபாயம் குறைந்த சின்னப் புற்றுநோய்க்குப் பாதி எடுத்ததே போதும் என்று 2015-ல் அமெரிக்க தைராய்டு சங்கத்தின் வழிகாட்டல் இடம் கொடுத்துவிட்டது. சிலருக்கு மறுபாதியையும் எடுக்க இன்னோர் அறுவை வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அதை முன்பே பேசிவிட வேண்டும்.

திண்டுக்கல் அம்மாவுக்கு வலது பாதியை எடுத்தார்கள். உறை உடையவில்லை. சாதாரணக் கட்டி. இப்போது மாத்திரை இல்லாமலே கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

அறுவை என்று முடிவானால் யார் கையில் என்பதும் பெரிய விஷயம். எண்டோகிரைன் அறுவைக்கென்றே தனித் துறை சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. மற்ற இடங்களில் ‘வருஷத்துக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள்’ என்று மருத்துவரிடமே மரியாதையாகக் கேட்கலாம். அதிகம் செய்தவர்களிடம் குரல் நரம்பும் பாராதைராய்டும் பாதிக்கப்படுவது குறைவு. அறுவைக்கு முன்பே குரல்நாணைப் பார்த்துவிடச் சொல்வதும் நல்லது.

அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பின்னால் இரண்டு நாடுகளின் அனுபவம் இருக்கிறது. தென் கொரியாவில் 1999-ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, கூடவே கொஞ்சம் பணம் கட்டி தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்வது பழக்கமானது. 2011-ல் அங்கே தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. சாவு எண்ணிக்கையோ மாறவே இல்லை. கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள். ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை 1993 முதலே வேறு வழியில் போனது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, புற்றுநோய் என்றே உறுதியான சின்னக் கட்டிகளை அறுக்காமல் கண்காணித்தது. 1,235 பேரைப் பின்தொடர்ந்ததில், பத்து ஆண்டில் 8 சதவீதம் பேருக்குத்தான் கட்டி 3 மில்லிமீட்டர் வளர்ந்தது. ஒருவர்கூட அதனால் சாகவில்லை. உறுதியான புற்றுநோயிலேயே இப்படி என்றால், உறுதியாகாத ஒன்றுக்கு ஒரு வாரத்தில் அறுவைக்கு நாள் குறிக்கத் தேவையில்லை.

இதை வைத்து யாரும் ரிப்போர்ட்டை மறுபடி பீரோவில் வைத்துவிடக் கூடாது. கட்டி சில வாரங்களில் வேகமாகப் பெருத்தால், குரல் கம்மி மாறாமலே இருந்தால், சோறு இறங்கச் சிரமப்பட்டால், மூச்சு முட்டினால், கழுத்தோரம் நெறி கட்டினால், கட்டி கல்போல அசையாமல் இருந்தால் உடனே போக வேண்டும். சிறுவயதில் கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களும், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். சொந்தத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை இருந்தால் கால்சிட்டோனின் என்ற ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில, அக்காவோடு அலைந்ததில் கற்றவை. தலைமுடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், முடிவைத் திரித்துவிடும். தொடர் ஸ்கேனை முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். ஆளுக்கு ஆள் அளவு இரண்டு மில்லிமீட்டர் மாறும், அதை வளர்ச்சி என்று நினைத்து வீடே கலங்கும். டி.எஸ்.எச். குறைவாக இருந்தால் ஊசிக்கு முன் ஐசோடோப் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் கட்டி தானாக ஹார்மோன் சுரப்பது தெரிந்தால் அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது, பெரும்பாலும் ஊசியே வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூட ஒருவர் போங்கள். ‘புற்றுநோய்’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு சொல்லப்படும் எதுவும் நோயாளியின் மனதில் நிற்பதில்லை. நான் குறிப்பெடுத்த நோட்டைத்தான் அக்கா ராத்திரி ராத்திரி படித்தாள்.

மூன்றாம் முறை ஊசி டெஸ்ட் ஆடி மாதக் கடைசியில் நடந்தது. ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. பெதஸ்டா இரண்டு, சாதாரணக் கட்டி. “அப்போ இனிமே வர வேண்டாமா டாக்டர்?” என்று கேட்டாள். “வரணும்மா. வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். ரெண்டு பக்கத்துல 20 சதவீதம் வளர்ந்தாலோ உருவம் மாறினாலோ மறுபடி பார்ப்போம்” என்றார் அவர். முதல் வருட ஸ்கேன் முடிந்துவிட்டது, அதே 22 மில்லிமீட்டர். ஸ்லைடுப் பெட்டியும் மூன்று ரிப்போர்ட்டுகளும் இப்போது புடவைக்கு அடியில் இல்லை. ஹாலில், ரேஷன் கார்டு வைக்கும் ஃபைலோடு இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் மடித்து வைத்த அப்படியொரு தாள் இருந்தால், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றா, மூன்றா, நான்கா என்ற எண்ணைத் தேடுங்கள். எண் இல்லையென்றால், கொடுத்த இடத்துக்கே போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள்.